மாதம் ஒரு ஞாயிறு, ஒன்பது இடம்: கூட்டாகச் சேர்ந்து வருஷக்கணக்கில் படம் எடுப்பது எப்படி

மதுரை செல்லூரில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். கேமரா என்பது எனக்கு ஞாயிற்றுக்கிழமை வியாதி. 2017 ஜனவரி 1ஆம் தேதி தொடங்கி, ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று மதுரைக்குள் ஓடுகிற (பெரும்பாலும் ஓடாத) வைகையை அதே ஒன்பது இடங்களில் நின்று படம் எடுக்கிறோம். 2024 டிசம்பரோடு 96 மாதம் ஆயிற்று. அதில் 89 மாதம் எடுத்திருக்கிறோம். விட்டுப்போன ஏழு மாதங்களின் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

எங்களில் யாரும் தொழில்முறைப் போட்டோகிராபர் இல்லை. ஒரு டிராயிங் மாஸ்டர், பாத்திரக்கடை அண்ணன் ஒருவர், அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் தங்கச்சி, ஒரு வக்கீல் தம்பி, தாலுகா ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆன சார், இப்படி. தொடங்கும்போது பதினான்கு பேர். இன்று ஆறு பேர், அதில் இரண்டு பேர் நடுவில் வந்து சேர்ந்தவர்கள். தாமிரபரணிக்கு இதே மாதிரி செய்யலாமா என்று நெல்லையில் சிலர் என்னைக் கேட்டார்கள். போனில் துண்டு துண்டாகச் சொன்னதை ஒழுங்காக எழுதிக் கொடுத்தால் நல்லது என்று பட்டது.

முதலில் நாங்கள் செய்த முட்டாள்தனம். வைகை மொத்தம் 258 கிலோமீட்டர். வருசநாட்டு மலையில் இருந்து ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரைக்கும் மொத்த ஆற்றையும் எடுத்துவிடுவோம் என்று 22 இடம் குறித்தோம். வைகை அணை, பேரணை, குருவித்துறை, சோழவந்தான், திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி என்று பட்டியல் நீண்டது. டீக்கடையில் உட்கார்ந்து போடும்போது மேப் சின்னதாகத்தானே தெரிகிறது! முதல் மாதம் இரண்டு கார். இரண்டாம் மாதம் ஒரு கார், அதிலும் மூன்று பேர். மூன்றாம் மாதம் நானும் டிராயிங் மாஸ்டரும் ஒரு பைக்கில் அணை வரைக்கும் 70 கிலோமீட்டர் போய்விட்டு, முதுகுவலியோடு திரும்பினோம். அன்றைக்கே 22ஐ 9 ஆக்கினோம். பட்டியலில் ஊருக்குள் இருந்த ஒன்பது மட்டும். யாராவது ஒருவர் தனியாக, ஒரு ஸ்கூட்டியில், காலையும் மாலையும் சேர்த்து இரண்டு மணி நேரத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம், நடுவில் கறிக்கடைக்கும் போகலாம்.

அதனால் நான் சொல்கிற முதல் கணக்கு இதுதான். உங்கள் குழுவிலேயே ரொம்பச் சோம்பேறியான ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் வீட்டில் விசேஷம் இருக்கிற மாதத்தில், மற்ற எல்லாரும் கைவிட்ட நிலையில், அவரால் மட்டும் செய்து முடிக்க முடிகிற அளவு எவ்வளவோ அதுதான் மாத வேலை. அதற்கு மேல் ஒரு படம்கூட வேண்டாம். ஆசை இருப்பவர்கள் கூடுதலாக எடுக்கட்டும், அது தனிக் கணக்கு. நாங்கள் ஆற்றின் மற்ற பகுதிகளுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை, சுற்றுலா மாதிரி, குடும்பத்தோடு போகிறோம். போக முடியாத வருஷமும் உண்டு. யாரும் வருத்தப்படுவதில்லை.

இன்னொன்று. ஆரம்பத்தில் பெயர், லோகோ, டி-ஷர்ட் வேண்டாம். எங்கள் குழுவுக்கு இன்றுவரை பெயர் கிடையாது. வாட்ஸ்அப்பில் "ஆறு" என்றுதான் இருக்கிறது. எங்களுக்கு முன்னால் ஊரில் கிளம்பிய இரண்டு குழுக்கள் லோகோ டிசைனிலேயே சண்டை போட்டுப் பிரிந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

நிற்கும் இடம்

பல வருஷம் கழித்துப் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது அது ஒரே காட்சியாகத் தெரிய வேண்டும். அதற்கு விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. கால் அதே இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். லென்ஸ் கொஞ்சம் மாறினால் பிறகு வெட்டிச் சரி செய்துகொள்ளலாம். நின்ற இடம் இரண்டு அடி நகர்ந்தால் முன்னால் இருக்கும் பொருளுக்கும் பின்னால் இருக்கும் பொருளுக்கும் உள்ள உறவே மாறிவிடும். அதை எந்த சாஃப்ட்வேராலும் திருத்த முடியாது.

இதற்கு நாங்கள் செய்கிற வழியைச் சொல்கிறேன். எங்கள் 4ஆம் புள்ளி (நிற்கிற ஒன்பது இடத்தையும் புள்ளி என்றுதான் சொல்வோம்) கரையில் இருந்து ஆற்றுக்குள் இருக்கும் மைய மண்டபத்தைப் பார்ப்பது. "கரையில் வேப்பமரத்துக்குப் பக்கத்தில் நின்று" என்று முதலில் எழுதி வைத்திருந்தோம். முதல் ஆறு மாதப் படங்களை மானிட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் மண்டபம் தாண்டவம் ஆடுகிறது. வேப்பமரத்துக்குப் பக்கம் என்பது ஆளுக்கு ஒரு பக்கம். டிராயிங் மாஸ்டர்தான் தீர்வு சொன்னார். பக்கத்தில் ஒரு பொருள், தூரத்தில் ஒரு பொருள், இரண்டின் விளிம்பும் ஒன்றோடு ஒன்று ஒட்டுகிற மாதிரி நில். மண்டபத்தின் இடது ஓரத் தூணுக்குப் பின்னால், எதிர்க்கரை வீட்டு மாடியில் இருக்கும் கறுப்புத் தண்ணீர் டேங்க் பாதி மறைய வேண்டும். அரை அடி வலது பக்கம் நகர்ந்தால் டேங்க் முழுசாகத் தெரிந்துவிடும், இடது பக்கம் போனால் காணாமல் போகும். இதே மாதிரி இன்னொரு ஜோடியும் எடுத்துக்கொண்டால், இரண்டு கோடும் வெட்டுகிற ஓர் இடத்தில்தான் நீங்கள் நிற்க முடியும். புதிதாக வருகிறவர்கூட ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

அந்த டேங்க் 2019இல் போய்விட்டது. வீட்டுக்காரர் இடித்துக் கட்டிவிட்டார். ஆகவே ஜோடியில் ஒன்றாவது பழசாக, பெரிசாக, யாரும் சுலபத்தில் இடிக்க மாட்டார்கள் என்று நம்பக்கூடியதாக இருக்கட்டும். எங்களுக்கு வைகையின் குறுக்கே இருக்கும் ஏ.வி. (ஆல்பர்ட் விக்டர்) மேம்பாலம் அப்படி. 1889இல் திறந்த பாலம். அதன் தூண்கள், கைப்பிடிச் சுவரின் மடிப்புகள் எல்லாமே நல்ல குறிகள். கோயில் கோபுரமும் நல்ல குறிதான், ஆனால் திருப்பணி வந்தால் தென்னங்கீற்றுப் போட்டு மூடிவிடுவார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

தரையில் பெயின்ட்டால் குறி போடுவதும் உண்டு. நான் கடையில் இருந்து காயிலுக்குப் பூசுகிற சிவப்பு வார்னிஷ் கொண்டுபோய், இரண்டு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு பொட்டு வைப்பேன். ஆற்றின் இரண்டு கரையிலும் தடுப்புச் சுவரும் சாலையும் வந்த காலத்தில் எங்களின் மூன்று பொட்டுகள் கான்கிரீட்டுக்கு அடியில் போயின. விளிம்புக் கோடு எழுதி வைத்திருந்ததால் தப்பித்தோம். பொட்டை மட்டும் நம்பாதீர்கள்.

முதல் மாதப் படத்தை அஞ்சலட்டை அளவில் பிரிண்ட் போட்டு, லேமினேட் செய்து, பின்பக்கம் புள்ளி எண்ணையும் குறிகளையும் எழுதி ஒரு கொத்தாக வளையத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். ஒன்பது அட்டை. அன்றைக்குப் போகிறவர் அதைக் கையில் பிடித்து எதிரே இருக்கும் காட்சியோடு ஒப்பிட்டு எடுப்பார். பழைய படத்தை மங்கலாகத் திரையில் காட்டுகிற ஆப்களும் இருக்கின்றன, எங்களில் சின்னவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் வெயிலில் போன் திரை தெரியாது. அட்டை தெரியும்.

எந்தக் கேமரா என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். கேமராவோடு கூடவே வருகிற சாதாரண 18-55 கிட் லென்ஸை 18இல் வைத்தால், போனின் மெயின் கேமரா பார்க்கிற அகலத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். ஜூம் தொடக்கூடாது, படுக்கை வாட்டத்தில்தான் எடுக்க வேண்டும், அடிவானம் நடுவில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் போதும். போன் படம் 4:3, கேமரா படம் 3:2 என்பதால் மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டு எடுக்கச் சொல்லுங்கள், பிறகு ஒரே அளவுக்கு வெட்ட வசதி. ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று தடவை அமுக்க வேண்டும். ஒன்றில் பைக் குறுக்கே போகும், ஒன்றில் கை ஆடும், மூன்றாவது மிஞ்சும்.

நேரமும் பொதுவாக இருக்கட்டும். மேற்கே பார்க்கிற புள்ளிகளைக் காலை 7 மணியை ஒட்டியும், கிழக்கே பார்க்கிறவற்றை மாலை 5 மணியை ஒட்டியும் எடுக்கிறோம், அப்போதுதான் சூரியன் நம் முதுகுப் பக்கம். மதுரையில் ஜூன் மாதம் ஆறு மணிக்கே சூரியன் வந்துவிடும், ஜனவரியில் ஆறரைக்கு மேல் ஆகும். இந்த அரை மணி வித்தியாசத்துக்காகச் சிலர் அட்டவணை போட்டுக்கொண்டு வருவார்கள். நாங்கள் அதை விட்டுவிட்டோம். ஏழு மணி என்றால் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

நோட்டு

என் தொழிலில் ஒரு பழக்கம். எரிந்துபோன மோட்டாரைக் கொண்டு வருவார்கள். பழைய காயிலை வெட்டி எறிவதற்கு முன்னால் எத்தனை ஸ்லாட், ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று, கம்பி எந்த கேஜ், எங்கிருந்து எங்கே இணைப்பு என்று நோட்டில் எழுதிவிடுவோம். எழுதாமல் வெட்டிவிட்டால் அந்த மோட்டார் அதோடு சரி, மறுபடி எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது. கடையில் அப்பா காலத்து நோட்டு இன்னும் இருக்கிறது. அவர் எழுத்தைப் பார்த்து நான் இன்றைக்கும் பழைய கிணற்று மோட்டார் கட்டுகிறேன்.

ஆற்றுக்கும் அதே மாதிரி ஒரு நோட்டு போட்டேன். நீள நோட்டு, 200 பக்கம். மாதத்துக்கு ஒரு பக்கம். தேதி, யார் போனார்கள், ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வரி. "2: தண்ணி இல்லை. பையன்கள் கிரிக்கெட். 5: ஆகாயத்தாமரை பாலத்துக்குக் கீழ் முழுக்க. 7: நுரை, நாத்தம். 8: வாத்து மேய்க்கிறவர் புதுசாக வந்திருக்கிறார், கீழக்கரைப் பக்கமிருந்து." படத்தில் நாற்றம் வராது, சத்தம் வராது. ஆற்றில் தண்ணீர் ஏன் இருக்கிறது என்பதும் படத்தில் வராது. அது மழைத் தண்ணீரா, அணையில் திறந்துவிட்டதா, ஊர்க் கழிவா? அன்றைக்கு அங்கே நின்றவருக்குத்தான் தெரியும். எட்டு வருஷத்தில் எனக்குப் படங்களைவிட நோட்டுதான் அதிகம் உதவியிருக்கிறது என்று சொன்னால் குழுவில் அடிக்க வருவார்கள். ஆனாலும் சொல்கிறேன்.

நாங்கள் தொடங்கிய ஜனவரியில் ஆறு எலும்பாகக் கிடந்தது. அதற்கு முந்தைய வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுக்கப் பொய்த்த வருஷம். எங்கள் முதல் பக்கத்தில் ஒன்பது புள்ளிக்கும் ஒரே சொல்தான்: "மணல்". அன்றைக்கு வக்கீல் தம்பி, "அண்ணே, எடுக்க ஒண்ணுமே இல்லையே, அடுத்த மாசம் ஆரம்பிப்போமா?" என்றான். நல்லவேளை, கேட்கவில்லை. இன்றைக்கு யார் வந்து பார்த்தாலும் முதலில் கேட்பது அந்த மாதப் படத்தைத்தான்.

பெயர் வைப்பதும் சேர்த்து வைப்பதும்

படத்துக்குப் பெயர் வைப்பதில் கவித்துவம் வேண்டாம். எங்கள் முறை: வருஷம், மாதம், நாள், புள்ளி எண், எடுத்தவர் எண். 2017-01-01-05-03 என்றால் அன்றைய தேதியில் 5ஆம் புள்ளியில் 3ஆம் எண்காரர் எடுத்தது. வருஷத்தை முதலில் போட்டால் கம்ப்யூட்டர் தானாகவே கால வரிசையில் அடுக்கிவிடும். நாளை முதலில் போட்டால் எல்லா மாதத்து ஒன்றாம் தேதியும் ஒன்றாகக் குவியும், பிறகு உட்கார்ந்து அழ வேண்டியதுதான்.

எல்லாருடைய கேமராவிலும் கடிகாரத்தைச் சரி பாருங்கள். பாத்திரக்கடை அண்ணன் கேமராவில் காலை மாலை மாறி இருந்ததால், ஒரு வருஷம் முழுக்க அவர் காலைப் படங்கள் எல்லாம் இரவு ஏழு மணிக்கு எடுத்ததாகப் பதிவாகியிருந்தன. இரவு ஏழு மணிக்கு வைகையில் அவ்வளவு வெளிச்சம்!

படத்தை வாட்ஸ்அப் குழுவில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், உள்ளே இருக்கும் தேதி விவரமும் போய்விடும். டாகுமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது மெமரி கார்டையே கையில் வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் இது தெரியாமல் முதல் நான்கு மாதம் சுருங்கிய படங்களை வைத்துக்கொண்டிருந்தோம். மூன்று பேர் போனில் இருந்து அசலை மீட்டோம். மற்றவர்கள் இடம் பற்றவில்லை என்று அழித்திருந்தார்கள். அந்தப் படங்களைப் பெரிதாகப் பிரிண்ட் போட முடியாது.

சேமிப்புக்கு அதிகச் செலவு ஆகாது. ஒன்பது புள்ளி, மூன்று தடவை, பன்னிரண்டு மாதம். வருஷத்துக்கு 324 படம். ஒன்று 6 எம்.பி. என்று வைத்தால் இரண்டு ஜி.பி.க்குக் கொஞ்சம் குறைவு. எட்டு வருஷமும் ஒரு சின்னப் பென்டிரைவில் அடங்கிவிடும். இவ்வளவு சின்ன விஷயத்தையும் தொலைக்க முடியும் என்று நாங்கள் நிரூபித்தோம். 2018இல் ஒரே ஒரு ஹார்டுடிஸ்க், அது என் கடை மேசையில். கீழே விழுந்தது. டிக் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நர்ஸ் தங்கச்சி சந்தேகப் பிராணி என்பதால் அவள் லேப்டாப்பில் ஒரு நகல் வைத்திருந்தாள், அதில் இரண்டு மாதம் மட்டும் இல்லை. அதற்குப் பிறகு மூன்று நகல்: ஒன்று என்னிடம், ஒன்று வேறு வீட்டில் வேறு ஆளிடம், ஒன்று ஆன்லைனில். பொங்கலன்று மூன்றையும் திறந்து பார்க்கிறோம். திறந்து பார்க்காத நகல் இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்?

அசலில் யாரும் கை வைக்கக் கூடாது. இது கண்டிப்பான விதி. ஒரு தம்பி, நல்ல எண்ணத்தில்தான், போனில் இருக்கிற வசதியை வைத்து ஆற்றில் கிடந்த பிளாஸ்டிக் குப்பையை எல்லாம் துடைத்துவிட்டுக் கொடுத்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்த மாதம் 6ஆம் புள்ளியில் குப்பை இருந்ததா இல்லையா என்று இன்று எங்களால் சொல்ல முடியவில்லை, நோட்டில் ஒரு வரி இருப்பதைத் தவிர. வெளிச்சம் கூட்டுவது, வெட்டுவது எல்லாம் நகலில் செய்துகொள்ளுங்கள்.

ஆற்றில் இருப்பவர்கள்

ஆறு காலியாக இருக்காது. துவைக்கிறவர்கள், மாடு குளிப்பாட்டுகிறவர்கள், திதி கொடுக்க வருகிறவர்கள், சும்மா உட்கார்ந்திருப்பவர்கள். ஓபுளா படித்துறைப் பக்கம் ஓர் அக்கா எங்களைப் பார்த்து ஐந்தாவது மாதமே கத்தினார். "நானே முதுகு ஒடியத் துவைச்சுக்கிட்டு இருக்கேன், நீ வாராவாரம் வந்து சினிமாப் படம் எடுக்கிறியா?" வாராவாரம் இல்லை அக்கா, மாசத்துக்கு ஒரு தடவை என்று நான் திருத்தப் போய் இன்னும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்றைக்குக் கேமராவை மூடிவிட்டோம். அடுத்த மாதம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனோம். அவர் தெரிகிற படம் கொடுக்கவில்லை. அவர் துவைக்கிற கல் நான்கு மாதமாக எப்படித் தெரிகிறது என்று நான்கு படம். ரொம்ப நேரம் பார்த்தார். "இந்தக் கல்லு எங்க மாமியா போட்டது" என்றார். பிறகு நாங்கள் போனால் அவரே தள்ளி நின்றுகொள்வார், எடுத்து முடித்ததும் வேலையைத் தொடர்வார்.

ஆகவே எங்கள் விதிகள்: குளிக்கிறவர்கள் இருந்தால் காத்திருக்க வேண்டும், போகாவிட்டால் அந்தப் புள்ளியை அன்றைக்கு விட்டுவிட வேண்டும். திதி கொடுக்கும் குடும்பத்தைப் பக்கத்தில் போய் எடுக்கக் கூடாது. முகம் அடையாளம் தெரிகிற படத்தைக் கேட்காமல் வெளியே போடக் கூடாது. குழந்தைகள் "அண்ணே என்னை எடுங்க" என்று வந்தால் எடுத்து, அவர்களிடமே காட்டி, தொடரில் சேர்க்காமல் விட்டுவிடுவோம்.

ரயில் பாலத்தின் மேல் ஏறினால் அருமையான கோணம் கிடைக்கும் என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது சொல்வார்கள். ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவில் அது அத்துமீறல், தண்டனை உண்டு. அதைவிட, ரயில் வரும். பேச்சே கிடையாது.

தண்ணீர் வருகிற காலத்தில் கவனம். வைகை அணையின் முழு மட்டம் 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5இல் இரண்டாவது, 69இல் மூன்றாவது கொடுப்பார்கள். முதல் எச்சரிக்கை வந்ததும் நாங்கள் கேமரா சார்ஜ் போட்டுவிடுவோம். மூன்றாவது வந்தால் கரைக்குக் கீழே இறங்குகிற 3, 7, 8ஆம் புள்ளிகள் ரத்து. பாலத்தில் இருந்து மட்டும்தான்.

உரிமைக் காகிதம்

இதை முதல் மாதமே செய்யுங்கள். நாங்கள் இரண்டாம் வருஷம், சண்டை வந்த பிறகு செய்தோம். எங்கள் படங்கள் ஒரு கண்காட்சிக்குப் போயின. சுவரில் ஒருவர் பெயர் மட்டும் இருந்தது. தப்பு யாருடையது என்று இப்போது பேசி என்ன ஆகப் போகிறது. இரண்டு பேர் அதோடு விலகினார்கள், நல்ல ஆட்கள்.

வக்கீல் தம்பி அப்போதுதான் விளக்கினான். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கோ கூலிக்கோ எடுக்காத படத்தின் உரிமை எடுத்தவருக்கே. குழுவுக்கு ஒன்றும் கிடையாது. உரிமையை மாற்றித் தருவதென்றால் எழுத்தில்தான் தர வேண்டும். காலம் எழுதாவிட்டால் ஐந்து வருஷம் என்றும், எல்லை எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் உரிமையை யாரும் மாற்ற வேண்டாம், பயன்படுத்த அனுமதி மட்டும் எழுத்தில் தரலாம் என்று முடிவு செய்தோம். ஒரே பக்கம், தமிழில், எல்லார் கையெழுத்தோடு. படம் எடுத்தவருடையது. குழு அதைக் காசு வாங்காமல் எங்கே வேண்டுமானாலும் காட்டலாம், காலக்கெடு இல்லை. காட்டும் இடத்தில் எல்லாப் பெயரும் அகர வரிசையில் வரும். விற்பது என்றால் எடுத்தவரைக் கேட்க வேண்டும். கடைசி வரி ரொம்ப முக்கியம்: விலகிப் போனாலும், அதுவரை எடுத்தவை தொடரில் இருக்கும். இந்த வரி இல்லாவிட்டால், கோபித்துக்கொண்டு போகிற ஒருவர் நடுவில் இருந்து பதினெட்டு மாதத்தை உருவிக்கொண்டு போகலாம்.

ஆள் குறையும்

பதினான்கு பேரில் பத்துப் பேர் போய்விடுவார்கள். கல்யாணம், டிரான்ஸ்பர், குழந்தை, அலுப்பு. அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், போகிறவரிடம் காரணமும் கேட்காதீர்கள். கேட்காமல் விட்ட இரண்டு பேர் ஒரு வருஷம் கழித்துத் தாமாகவே ஒரு ஞாயிறு வந்து நின்றார்கள். கேட்டுக் குடைந்தவர் வரவே இல்லை.

முறை வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதம் இருவர், அடுத்த மாதம் இருவர். எப்போதும் ஜோடி, பழையவர் ஒருவர், புதியவர் ஒருவர். நோட்டும் அட்டைக் கொத்தும் அந்த ஜோடியிடம் போகும், ஞாயிறு இரவுக்குள் திரும்ப வரும். யார் எடுத்த படம் நன்றாக இருக்கிறது என்ற பேச்சைக் குழுவில் எடுக்கவே கூடாது. கலைப்படம் எடுக்கிற ஆசை எல்லாருக்கும் இருக்கும். புள்ளியை முடித்துவிட்டு மாலை வெயிலில் கொக்கை எடுக்கட்டும், யார் தடுத்தார்கள்? மாதம் ஆளுக்கு நூறு ரூபாய் வசூல். பிரிண்ட், ஹார்டுடிஸ்க் எல்லாம் அதில் முடிகிறது. டீ அவரவர் காசு, இதில் மட்டும் பாத்திரக்கடை அண்ணன் சட்டத்தை மீறிக்கொண்டே இருக்கிறார்.

ஒருவர் மட்டும் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கிற ஆளாக இருக்க வேண்டியிருக்கிறது. கமிட்டியாகச் செய்து பார்த்தோம், நடக்கவில்லை. எங்கள் குழுவில் நான் ஐந்து வருஷம் பார்த்தேன். பிறகு கண்ணில் புரை வந்தபோது நர்ஸ் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டேன். கொடுக்கிற அன்றைக்குத்தான் எத்தனை விஷயம் என் தலைக்குள் மட்டும் இருந்தது என்று தெரிந்தது. எந்த வீட்டு வாட்ச்மேனிடம் சொல்லி மாடிக்குப் போக வேண்டும், எந்த நாய் கடிக்கும். அதையும் நோட்டில் எழுதினோம். எழுதுங்கள்.

விட்டுப்போன ஏழு மாதம். 2020 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஐந்து, ஊரடங்கு. ஆகஸ்டில் மற்ற நாட்களில் வெளியே போக முடிந்தாலும் ஞாயிறு முழு அடைப்பு. திங்கட்கிழமை எடுக்கலாமே என்று வாதம் நடந்தது. ஞாயிறு என்றால் ஞாயிறு என்று விட்டுவிட்டோம். அது சரியா என்று இன்னும் எனக்குச் சந்தேகம் உண்டு. 2021 மே, ஜூன் மறுபடி. அந்த ஏழு இடத்திலும் வேறு மாதத்துப் படத்தைப் போட்டு நிரப்பவில்லை. பிரிண்ட் ஒட்டுகிற ஆல்பத்தில் ஒன்பது வெற்றுச் சட்டம், கீழே தேதி. அழகர் ஆற்றில் இறங்குவதும் அந்த இரண்டு வருஷம் நடக்கவில்லை. 2022 சித்திரையில் இறங்கியபோது எடுத்தவை "சிறப்பு" என்ற தனி ஃபோல்டரில் இருக்கின்றன. முதல் ஞாயிறுக் கணக்கில் அது சேராது. சேர்த்தால் தொடர் முழுக்கத் திருவிழாவாகிவிடும்.

வருஷம் ஒரு தடவை, டிசம்பரில், டிராயிங் மாஸ்டர் வீட்டு மாடியில் வெள்ளை வேட்டி கட்டி, புரொஜெக்டரில் ஒரு புள்ளியின் எல்லா மாதத்தையும் வரிசையாக ஓட்டிப் பார்ப்போம். இது இல்லாவிட்டால் ஆள் தங்காது. மாதாமாதம் ஒரே மாதிரி தெரிகிறது, ஏன் எடுக்கிறோம் என்று அலுக்கும்போதுதான் இந்த ஓட்டம் வேண்டும். ஒரு டிசம்பரில் மாஸ்டர், லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி 1858இல் எடுத்த வைகைப் படத்தைக் காட்டினார். மெழுகுக் காகித நெகட்டிவ். ஏ.வி. பாலம் வருவதற்கு முப்பது வருஷம் முன்பு, ஆற்றின் குறுக்கே தரைப்பாலம், அது ஊருக்குள் போகிறது. படத்துக்குத் தலைப்பு எழுதி வைத்த மனுஷன், எங்கே நின்றேன் என்று ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா! அவர் நின்ற இடம் எது என்று இரண்டு வருஷமாகத் தேடுகிறோம். தாலுகா ஆபீஸ் சார் பழைய வரைபடத்தோடு ஓர் இடம் சொல்கிறார், மாஸ்டர் தூரத்து மலை விளிம்பை வைத்து அதற்கு இருநூறு அடி தள்ளி இன்னோர் இடம் சொல்கிறார். அது முடிவானால் 10ஆம் புள்ளி ஆகும். இப்போதைக்கு இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

வருகிற ஞாயிறு முதல் ஞாயிறு. என் முறை, கூட ஒரு கல்லூரிப் பெண், போன மாதம்தான் சேர்ந்தாள். 7ஆம் புள்ளியில் பொட்டு அழிந்துவிட்டது என்று நோட்டில் எழுதியிருக்கிறார்கள். வார்னிஷ் டப்பாவை இன்றே பைக் பெட்டியில் எடுத்து வைத்துவிட வேண்டும்.